பிளேட் கொண்டு வரவும்

நைட்கேப்ஸ், சவுத்லாந்து
மார்ச் 3, 1997

திருமதி கெடிஸ் அவர்களுக்கு,

போன மாதம் என் வீட்டு முற்றத்திலிருந்து பட்டாணிப் பச்சை ஹோல்டன் காரை ஓட்டிக்கொண்டு போனீர்களே, அதை விற்றவன் எழுதுகிறேன். ஆங்கஸ் ரென்னி. வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்று நம்புகிறேன். இடதுபக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். முன்பு ஒரு கிடாய் முட்டியதில் வந்த வினை அது. கிடாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் எழுதும் விஷயம் வேறு. வண்டியின் முன்னும் பின்னும் இருக்கும் நம்பர் பிளேட்டுகள் வண்டியோடு சேர்ந்தவை அல்ல. மற்ற வண்டிகள் மாதிரி எண் இல்லாமல் ஐ, எஸ், எல், ஏ என்று ஒரு பேர் மட்டும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐலா என் மனைவி. அவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் எழுதிப் போட்டு வாங்கியது. வந்த அன்று என்னைத் திட்டித் தீர்த்தாள். "இத்தனூண்டு ஊர்ல என் பேரை நானே மறந்துடுவேன்னு நெனச்சியா ஆங்கஸ்?" என்றாள். பிறகு சனிக்கிழமை தவறாமல் அவளேதான் அவற்றை ஈரத்துணி வைத்துத் துடைப்பாள். வண்டியின் மற்ற பாகமெல்லாம் ஆட்டுப் புழுக்கையோடு கிடக்கும். பிளேட் மட்டும் பளபளவென்று இருக்கும்.

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் கழற்றி அனுப்பிவிடுவீர்கள் என்று காத்திருந்தேன். தபால்காரன் வந்து வந்து வெறுங்கையோடு போகிறான்.

தொலைபேசியில் பேசலாம்தான். பேசினால் நான் கத்துவேன் என்கிறாள் என் மகள் லோர்னா. கடிதத்தில் கத்த முடியாது. எழுத்து இவ்வளவு பெரிதாக இருப்பதைத் திமிர் என்று எண்ண வேண்டாம். கண் அப்படி ஆகிவிட்டது.

தயவு செய்து அனுப்பிவையுங்கள்.

ஆங்கஸ் ரென்னி


ஈடன்டேல்
மார்ச் 9

திரு. ரென்னி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை எழுத்துக்கூட்டி, ஒரு தடவை கோபத்தோடு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் என் காதில் ஒரு கோளாறும் இல்லை. அன்று உங்கள் முற்றத்தில் நடந்ததை எழுதுகிறேன். இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

நான் வண்டிக்கு முன்னால் நின்றேன். பக்கத்தில் என் பேத்தி ஜானின். ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகையில் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக நின்று கத்தரிக்கிறவள், அவளை நீங்கள் கவனித்திருப்பீர்கள், எல்லோரும் கவனிப்பார்கள். நான் தாடையால் அந்தப் பேரைக் காட்டி, "அவளும் வண்டியோட வருவாளா?" என்று கேட்டேன். நீங்கள் பைப்பை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னீர்கள்: "வருவா, வருவா. இனிமே அவளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? இழுத்துட்டுப் போங்க."

அப்படியே சொன்னீர்கள். வீடு வந்து சேரும்வரை நான் ஜானினிடம் புலம்பிக்கொண்டு வந்தேன். "பொண்டாட்டி பேராத்தான் இருக்கும். அதைப் போயி இழுத்துட்டுப் போன்னு சொல்றானே, என்ன மனுஷன்டி இவன்!" என்றேன். அவள், "உனக்கென்ன பாட்டி, உன் பேரு உனக்குக் கெடச்சுதுல்ல?" என்றாள்.

ஆமாம், என் பேர். தாளில் ஐ. கெடிஸ் என்று கையெழுத்துப் போட்டேனே, அந்த ஐ என்னவென்று நீங்கள் கேட்கவில்லை. ஐலா. நடுவில் ஒரு பேசாத எஸ் உட்கார்ந்திருக்கும் அதே ஐலா.

உரிமை மாற்றப் போன இடத்திலும் விசாரித்தேன். "வித்தவரு தனியா ஒண்ணும் எழுதி வாங்கலையா? அப்ப வண்டியோட பிளேட்டும் உங்களுதுதாம்மா," என்றாள் அங்கிருந்த பெண்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்க வேண்டாம். பள்ளியில் கோட்டு மாட்டும் ஆணிகளுக்கு மேலே ஆசிரியை ஒவ்வொருவர் பேரையும் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார். என் பேர் கொட்டை எழுத்தில் ஒருவர் பார்க்கும்படி இருந்தது அங்கேதான். அம்மா படுக்கையில் விழுந்ததும் என்னை நிறுத்திவிட்டார்கள். தம்பியைக் கூட்டிவர ஒரு நாள் போனேன். என் ஆணிக்கு மேலே மாவிஸ் என்று இருந்தது. மாவிஸின் கோட்டில் மூக்குச்சளி. இன்றைக்கும் நினைவு இருக்கிறது.

அன்று உங்கள் ஊரிலிருந்து ஓட்டிக்கொண்டு வரும்போது, எதிரே வந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி எனக்கு வணக்கம் சொன்னார்கள். பால்வண்டிக்காரன்கூட. நானும் தூக்கினேன். வாழ்நாளில் அவ்வளவு பேர் என்னை மதித்ததில்லை.

கொடுத்ததைக் கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் வராது.

ஐலா கெடிஸ்


நைட்கேப்ஸ்
மார்ச் 16

திருமதி கெடிஸ் அவர்களுக்கு,

உங்களை அந்தப் பேரால் அழைக்க எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்கவும்.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. நான் சொன்னதும் அதேதான். ஆனால் நான் டிரெய்லரைச் சொன்னேன்.

கொட்டகை ஓரம் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ஒரு டிரெய்லர் டயர் இறங்கி நின்றதே, அதைக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் தாடையால் காட்டியதெல்லாம் என் கண்ணுக்கு எங்கே தெரிந்தது? எதிரே ஒரு தொப்பி அசைந்தது, அவ்வளவுதான். நம் பக்கத்தில்தான் எல்லாமே அவள் ஆயிற்றே. மழை வந்தால் அவள் வருகிறாள், டிராக்டர் நின்றால் அவள் மக்கர் பண்ணுகிறாள், கீல் போன வாசல்கதவும் அவள்தான். இழுத்துக்கொண்டு போங்கள் என்றேன். நீங்கள் டிரெய்லரை விட்டுவிட்டுப் போனதும், மறதிக்காரக் கிழவி என்று லோர்னாவிடம் சொன்னேன். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.

இப்போது நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்கிறேன். சொல்ல மனம் வராமல்தான் பேரைப் பற்றி மட்டும் எழுதினேன்.

என் ஐலா இருக்கிறாள். ரிவர்டனில், கடலைப் பார்த்த முதியோர் இல்லத்தில். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. நீங்கள் சொன்ன அந்த எஸ் மாதிரி ஆகிவிட்டாள். இருக்கிறாள், சத்தம் இல்லை.

ஊரில் எல்லோருக்கும் விரல் தூக்குவதை அவளிடம்தான் நான் கற்றேன். கல்யாணமான புதிதில் நான் முழுக்கையையும் ஆட்டுவேன். "பந்தா பண்ணாதே. ஒரு விரல் போதும். மிச்ச விரலு வண்டியப் பாத்துக்கட்டும்," என்பாள். அந்தப் பச்சை வண்டியின் பின் இருக்கையில் தாயில்லாத ஆட்டுக்குட்டிகள் கத்தும், முன்னால் லோர்னா கத்துவாள், இவள் எதையும் காதில் வாங்காமல் எதிரே வருகிறவனுக்கெல்லாம் விரலைத் தூக்கிக்கொண்டே போவாள். மழைக்காலத்தில் ஓடையைக் கடக்கும்போதுகூட அந்த விரல் எழும்.

இல்லத்துக்குப் போன பிறகு அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியை வாசலுக்குள் திருப்பும்போது ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். இடது கை ஜன்னல் கட்டையில் இருக்கும். ஒரு விரல் மேலே போகும். வேறு யாருக்கும் தூக்கியதில்லை. உள்ளே போய் நான் முத்தமிட்டால்கூட முகத்தில் அசைவு இருக்காது. அந்த விரல்தான் எங்கள் பேச்சு.

பிறகு என் கண்ணைச் சோதித்த டாக்டர் ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார். ஓட்ட முடியாத வண்டி எதற்கு என்று விற்றேன். இப்போது லோர்னா தன் சிவப்பு வண்டியில் கூட்டிப்போகிறாள். விரல் எழவில்லை. ஒரு ஞாயிறுகூட எழவில்லை என்கிறாள் லோர்னா. அங்கே இருக்கும் தலைமை நர்ஸ் பலகையில் எழுத்துகளைக் கலைத்துப்போட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாம் மறந்தவள் அந்த நான்கை மட்டும் பொறுக்கி வரிசையாக வைக்கிறாளாம். ஆகவே பேரைப் பார்த்துத்தான் தூக்கியிருக்கிறாள். பிளேட்டை லோர்னாவின் வண்டியில் மாட்டினால் மறுபடி தூக்குவாள். இதுதான் நான் கேட்பதன் காரணம்.

ஏப்ரல் 13 ஞாயிறு இல்லத்தில் தேநீர் விருந்து. அழைப்பு அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். முடிந்தால் வாருங்கள், நேரில் பேசிக்கொள்ளலாம். அட்டையின் ஓரத்தில் நினைவூட்டலாக ஒரு வரி எழுதியிருக்கிறேன்: பிளேட் கொண்டு வரவும்.

ஆங்கஸ் ரென்னி


ஈடன்டேல்
ஏப்ரல் 14

அன்புள்ள திரு. ரென்னி,

நேற்றைக்கு நான் பட்ட அவமானத்தை எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

விருந்து என்று அழைப்பு வந்து, அதில் பிளேட் கொண்டு வரவும் என்று இருந்தால் நான் என்ன செய்வேன்? நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சர்ச்சிலும் ஊர்க் கூடத்திலும் அதே வரிதானே எழுதுவார்கள். ஆளுக்கொரு தட்டில் ஏதாவது செய்து மூடி எடுத்துப் போவோம். பார்த்ததும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். சீஸ் ரோல். வெங்காயம் தூக்கலாக, வெளியே வெண்ணெய் தடவி. நீங்கள் இரும்புத் தகட்டைக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜானின் மட்டும், "பாட்டி, நீ வேணும்னேதான் தப்பாப் படிச்சே," என்கிறாள். இருக்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யாதவளுக்குச் சமைப்பது ஒரு வசதி.

நீங்கள் கூடத்து வாசலில் நின்று, "பிளேட் எங்கே?" என்று கேட்டதும், நான் துணியை விலக்கி, "இதோ, சூடா இருக்கு," என்று நீட்டினேன். அத்தனை கிழவர்களும் சிரித்தார்கள். உங்கள் மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஓடிவிட்டேன். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள்.

கோபம் இல்லை. நீங்கள் பார்க்காத ஒன்றை நான் பார்த்துவிட்டேன்.

கூடத்துக்கு வருமுன், வண்டியை உள்ளே திருப்பினேன். எங்கே நிறுத்துவது என்று தேடிக்கொண்டு வந்தேன். ஓரத்து ஜன்னலில் நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண். விரலைத் தூக்கினாள். ரோட்டில் பழகின பழக்கம், நானும் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் விரல் இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே நின்றது. வண்டியிலிருந்து நான் இறங்கியதும், தொப்பியும் குண்டு உடம்புமாக நான் இறங்கியதும், விரல் மெதுவாகக் கட்டைக்குப் போய்விட்டது.

உங்கள் ஊர் ரோட்டில் எனக்கு விரல் தூக்கினார்களே, அவர்கள் எல்லோரும் யாருக்குத் தூக்கினார்கள் என்று ரிவர்டனிலிருந்து வீட்டுக்கு வரும்வரை யோசித்தேன். நான் மாவிஸ் ஆகிவிட்டேன், திரு. ரென்னி. இன்னொருத்தியின் ஆணியில் என் கோட்டை மாட்டியிருக்கிறேன்.

இரண்டையும் நானே கழற்றினேன். ஒரு திருகாணி துருப்பிடித்து வரமாட்டேன் என்றது, ஜானின் கெட்ட வார்த்தை சொன்னதும் வந்துவிட்டது. கீறல் விழாமல் இருக்க அவளுடைய பழைய கம்பளி பனியனில் சுற்றியிருக்கிறேன். பனியனைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பேர் மாற்றும் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் வண்டிக்கு எல்லோருக்கும் கொடுக்கிற சாதாரண பிளேட் வாங்கிக்கொள்கிறேன்.

தட்டு என் மாமியாருடையது. அதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

ஐலா கெடிஸ்


நைட்கேப்ஸ்
மே 26

அன்புள்ள ஐலா,

எழுதிப் பார்த்தேன், வருகிறது.

பார்சல் கிடைத்த அன்றே எழுதியிருக்க வேண்டும். நல்ல செய்தியோடு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். நல்ல செய்தி வரவில்லை.

லோர்னாவின் சிவப்பு வண்டியில் பிளேட்டுகளை மாட்டினோம். அடுத்த ஞாயிறு நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன், கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி. வண்டி உள்ளே திரும்பியது. "தூக்கினாளா?" என்றேன். லோர்னா வண்டியை நிறுத்தினாள். "ஏய், தூக்கினாளா இல்லையா?" "இல்லப்பா. பாத்தா. டீயைக் குடிக்கிறா."

அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. ஜன்னலுக்கு நேராகவே நிறுத்திப் பார்த்தோம். பின்பக்கம் காட்டி நிறுத்திப் பார்த்தோம். கடைசியில் முன் பிளேட்டைக் கழற்றி அவள் மடியிலேயே வைத்தேன். "இதோ பாரு, உன் பேரு," என்றேன். அவள் அந்த நான்கு எழுத்தையும் விரலால் தடவினாள். பிறகு கையிலிருந்த பிஸ்கட்டை அதன் மேல் வைத்தாள். தேநீர்க் கோப்பையையும் வைக்கப் பார்த்தாள். பிளேட் என்றால் அதுதானே. நீங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிதான் போல.

போன வாரம் தலைமை நர்ஸ் ஒன்று சொன்னார். குழாய் ரிப்பேர் பார்க்க ஒருவன் பட்டாணிப் பச்சை ஹோல்டனில் வந்திருக்கிறான். பிளேட்டில் ஏதோ எண்கள். ஜன்னலில் விரல் எழுந்ததாம். குழாய்க்காரனுக்கு! நாற்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இல்லை, குழாய்க்காரனுக்கு.

ஆக, அவள் பார்த்தது பேரை அல்ல. பேரை அவளுக்குக் கொடுத்தவன் நான், அதனால் பேர்தான் பெரிது என்று நானே நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அந்த வண்டிதான் நான். தூரத்தில் பச்சையாக ஏதாவது வந்தால் ஆங்கஸ் வருகிறான். அதை விற்றுவிட்டு, தகட்டுக்காக உங்களோடு சண்டை போட்டேன். அன்று முற்றத்தில், அவளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டேனே. நீங்கள் என்னைப் பற்றிப் பேத்தியிடம் சொன்னது சரிதான்.

பிளேட்டுகளை இதோடு அனுப்புகிறேன். இந்த முறை தெளிவாக எழுதுகிறேன், இதில் எந்த அவளும் இல்லை: ஐ, எஸ், எல், ஏ என்ற இரண்டு நம்பர் பிளேட்டுகளும் ஐலா கெடிஸுக்கே உரியவை. ஆணிக்கு மேலே உங்கள் பேர்தான், மாவிஸ் பேர் அல்ல.

வேறு எதுவும் நான் கேட்கவில்லை. ஈடன்டேலிலிருந்து ரிவர்டன் தூரம். குளிர்காலம் பிறந்துவிட்டது, ரோட்டில் பனி உறைகிறது. உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். கேட்கவில்லை என்பதை எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

சீஸ் ரோல் எனக்கு ஒன்றுதான் கிடைத்தது. மிச்சத்தைத் தலைமை நர்ஸ் தின்றார். தட்டு பத்திரமாக இருக்கிறது.

ஆங்கஸ்


ஈடன்டேல்
ஜூன் 1

அன்புள்ள ஆங்கஸ்,

பிளேட்டுகளை மாட்டியாயிற்று. முன்னால் இருப்பதில் ஒரு மூலையில் பிஸ்கட் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்க மனம் வரவில்லை, மழை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 8 ஞாயிறு நான் ரிவர்டன் போகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலை இருக்கிறது. என்ன வேலை என்று கேட்க வேண்டாம். போகிற வழியில் உங்களை ஏற்றிக்கொள்கிறேன். "நைட்கேப்ஸ் எங்கே பாட்டி வழியில இருக்கு?" என்று ஜானின் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஐந்தாவதோடு நின்றவளுக்கு வரைபடம் எங்கே புரியும் என்று சொல்லிவிட்டேன். அவளும் வருகிறாள். பனியில் வண்டி வழுக்கினால் தள்ள ஆள் வேண்டுமே. ஆட்டையே தூக்கிப் புரட்டுகிறவள்.

நீங்கள் முன் இருக்கையில் உட்காருங்கள். கதவை நானே தூக்கிச் சாத்துகிறேன். இல்லத்து வாசல் வந்ததும் நான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைக்கூட எடுக்க மாட்டேன். உள்ளே திருப்புகிற நேரம் விரல் தூக்க வேண்டியது நீங்கள்தான். ஒரு விரல் போதும். அவள் விரல் எழுந்ததா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். அன்று நான் இறங்கியதும்தான் அவள் விரலை இறக்கினாள். இந்த முறை முதலில் இறங்கப் போவது நீங்கள்.

மாமியார் தட்டை மறக்காதீர்கள். வெறும் தட்டாகக் கொடுத்தால் வாங்க மாட்டேன். அந்த டிரெய்லரையும் டயரில் காற்றடித்து வையுங்கள். அவளை எனக்குத்தான் கொடுத்தீர்கள், இன்னும் மறக்கவில்லை.

வாசலில் நில்லுங்கள். ஹார்ன் அடிக்க மாட்டேன். பச்சையாக ஏதாவது வந்தால் அது நான்தான்.

ஐலா